ஜனவரி ஒன்றாம் தேதி ஃபைல்கள்

திருவண்ணாமலை
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வல்லரசுக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி. மற்றபடி வீட்டில் குறையில்லை. எஞ்சின் ரூம் சூட்டில் உடம்பு இளைத்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கப்பலில் போன் கிடைக்காது, எழுத்து மெயில் மட்டும்தான் வந்து சேரும் என்று நீ சொல்லிவிட்டதால் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி ஊர், தேதி எல்லாம் போட்டே எழுதுகிறேன். சிரிக்காதே.

ஜெராக்ஸ் கடை வேலையை விட்டுவிட்டேன். 'வழித்துணை'யில் சேர்ந்திருக்கிறேன். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை நெடுக பூத் போட்டு, கூட்டத்தில் தொலைந்தவர்களைச் சொந்தக்காரர்களிடம் சேர்த்து வைக்கிறார்களே, அவர்கள்தான். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, ஜானி பாஷா அண்ணனின் லேப்டாப் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். செயலாளரும் அவரே. நீகூட கப்பலுக்குப் போகும் முன் இரண்டு மூன்று பௌர்ணமிக்கு பூத்தில் நின்றாயே, அது எந்த பூத்?

வேலை என்ன என்று கேள். ஒன்பது வருஷமாகப் பன்னிரண்டு பூத்திலும் எடுத்த போட்டோ, வீடியோ, ஸ்கேன் செய்த படிவம் எல்லாம் சேர்ந்து நாற்பத்தோராயிரம் ஃபைல். ஒவ்வொரு பூத்காரரும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார். ஒருவர் missing என்கிறார், ஒருவர் kaanom என்கிறார். தேடி வந்தவர்கள் எழுதிய படிவம் பஸ் ஸ்டாண்ட் பூத்தில் இருக்கும். தேடப்பட்டவரின் போட்டோ வருண லிங்கம் பூத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காது.

இப்போது டேட்டா கேட்டலாக் என்று ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். லைப்ரரியில் புத்தகப் பட்டியல் இருக்குமே, அது மாதிரி. ஃபைலை இடம் மாற்றாது. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஆனால் எந்தெந்த ஃபைல் ஒரே கூட்டம் என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும். அதற்குப் பெயர் பேட்டர்ன். missing_* என்று எழுதினால், நட்சத்திரம் இருக்கும் இடத்தில் எது வந்தாலும் சரி, அத்தனையும் ஒரே தொகுப்பாக வந்து நிற்கும். டிசம்பர் மூன்று கார்த்திகை தீபம். அதற்குள் எந்த பூத்தில் இருந்தும் எல்லா பூத்தையும் ஒரே தேடலில் பார்க்க வேண்டும். அது என் பொறுப்பு. எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா எழிலரசி

*

நடுக்கடல்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வல்லரசு வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை, இரண்டு கிலோ கூடித்தான் இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். டர்பனைத் தாண்டிப் பிரேசில் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம். நேற்று காலை திமிங்கிலம் பார்த்தேன். முதுகு மட்டும் தெரிந்தது, நம் ஏரிக் கரை மாதிரி நீளமாக.

உன் மெயிலை எங்கள் சமையற்காரருக்கும் படித்துக் காட்டினேன். நட்சத்திரக் கதை அவருக்குப் பிடித்துவிட்டது. சாம்பாரில் நட்சத்திரம் போட்டிருக்கிறேன், எந்தக் காய் வந்தாலும் சரி என்கிறார். ஜெராக்ஸ் கடையில் நீ வீணாய்ப் போகிறாய் என்று நான் எத்தனையோ தடவை சொன்னவன். கலக்கு.

அடுத்த மெயிலில் அம்மாவின் மாத்திரை பெயரை எழுது. இங்கே ஒருவர் கேட்டார்.

வல்லரசு

*

திருவண்ணாமலை
19 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம். மாத்திரை பெயரைத் தனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். எந்த பூத் என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை, பரவாயில்லை.

முதல் பேட்டர்னை வெள்ளிக்கிழமை ஓட்டினேன். ஒரே வரிதான். எட்டாயிரத்து நானூறு ஃபைல் ஒரே பெயருக்குக் கீழே வந்து நின்றது. பன்னிரண்டு பூத், ஒன்பது வருஷம், ஒரே பட்டியல். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஜானி பாஷா அண்ணன் கீழே இருந்து ஓடி வந்து, ஷாக் அடித்துவிட்டதா என்று கேட்டார்.

மறுநாள் கொஞ்சம் அசடு வழிந்தேன். அடி அண்ணாமலை பூத் ஃபைல்களைச் சேர்க்க *adi* என்று போட்டேன். எங்கோ நடுவில் adi இருந்தாலும் பிடித்துக்கொண்டது. kannadi என்று தொலைந்துபோன மூக்குக் கண்ணாடி எழுபது, thaadi என்று தாடி வைத்த சாமியார்கள் பத்துப் பேர், எல்லாரும் அடி அண்ணாமலைக்குக் குடிவந்துவிட்டார்கள். முதல் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு adi_* என்று தொடக்கத்தில் வைத்தேன். சாமியார்கள் கிளம்பிவிட்டார்கள். ரொம்ப அகலமாக வலை போட்டால் குப்பையும் வரும், ரொம்பக் குறுக்கினால் ஆட்கள் விட்டுப்போவார்கள். நாள் முழுக்க இந்த விளையாட்டுத்தான். பசி தெரிவதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். பெயரில் இருக்கும் தேதியை வைத்து வருஷவாரியாகப் பிரிக்கச் சொன்னேன். 2016 முதல் 2025 வரை வரிசையாக வந்தது. அதற்கு மேலே தனியாக ஒரு வரி: 2012. வழித்துணை ஆரம்பித்ததே 2016-ல்தான். திறந்து பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு ஃபைல். எல்லாம் அடி அண்ணாமலை பூத். எல்லாமே 2012 ஜனவரி ஒன்று. போட்டோ, வீடியோ, ஸ்கேன் எதைப் பதிந்தாலும் பூத் லேப்டாப்பே தேதியைப் பெயரில் போட்டுவிடுமாம். ஒரே நாளில், அமைப்பே இல்லாத காலத்தில், இருநூற்றுப் பதினான்கு பதிவு எப்படி வரும்? நாளை முதல் அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

அக்கா

*

சான்டோஸ் துறைமுகம்
31 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

நலம். சரக்கு ஏற்றும் வேலை, அதனால் இரண்டு வரி. அந்த 2012 ஃபைல் எல்லாம் யாரோ டெஸ்ட் பண்ணிப் பார்த்ததாக இருக்கும். அதில் நேரத்தை விடாதே. தீபத்துக்கு நாள் கம்மியாகத்தானே இருக்கிறது. நாற்பத்தோராயிரத்தில் இருநூறு ஒரு கணக்கா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

வல்லரசு

*

திருவண்ணாமலை
9 செப்டம்பர் 2025

அன்புள்ள வல்லரசு,

அம்மா நலம், நானும் நலம். நீ அலுத்துப்போய் எழுதியது போல இருந்தது. சரக்கு ஏற்றி முடிந்ததும் நன்றாகத் தூங்கு.

நீ சொன்னபடி விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. ஜானி பாஷா அண்ணனிடம் காட்டினேன். அவர் பெயர்களைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

"பழைய லேப்டாப்புக்குள்ள ஒரு பட்டன் பேட்டரி இருக்கும்மா. அது செத்துட்டா, ஒவ்வொரு வாட்டி ஆன் பண்றப்பவும் கடிகாரம் முதல் நாளுக்கே போயிடும். இந்த மாடலுக்கு முதல் நாள் 2012 ஜனவரி ஒன்னு."

கொரோனாவில் இரண்டு வருஷம் கிரிவலம் இல்லை. பூத் லேப்டாப்புகள் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. 2022-ல் திரும்ப ஆரம்பித்தபோது அடி அண்ணாமலை பூத்துக்குப் போனது அதில் ஒன்று. பேட்டரி மாற்றிக்கொள்ளச் சொல்லி பூத்தில் இருந்தவரிடம் சொன்னதாகவும், யாரிடம் சொன்னோம் என்பது மறந்துவிட்டதாகவும் அண்ணன் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் புது லேப்டாப் கொடுத்துவிட்டார்கள். ஆக அந்த இருநூற்றுப் பதினான்கும் குப்பை இல்லை. 2022-ல் மூன்று மாதத்தில் தொலைந்த, கிடைத்த நிஜ ஆட்கள். யாராவது 2022 என்று தேடினால் அவர்களில் ஒருவர்கூட வரமாட்டார்கள். மூன்று வருஷமாக வரவில்லை.

இன்னும் கேள். தேடி வந்தவர்களின் படிவங்களைச் சேர்க்கும்போது ஒரே பெண்ணின் பெயர் வேறு வேறு எழுத்தில் இருப்பதைப் பார்த்தேன். vedha, veda, vetha. ve-க்குப் பிறகு d வந்தாலும் t வந்தாலும் சேர்த்துக்கொள் என்று பேட்டர்ன் எழுதினேன். பதினோரு படிவம் வந்து நின்றது. பதினொன்றும் ஒரே அப்பா எழுதியது. ஊத்தங்கரைப் பக்கத்து விவசாயி, சின்னசாமி. மகள் வேதவதி, அப்போது இருபத்தெட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது, பள்ளிக்கூடம் போனதில்லை. 2022 சித்ரா பௌர்ணமியில் தொலைந்திருக்கிறாள். முதல் படிவம் அந்த மறுநாள் எழுதியது.

ஞாயிறு பௌர்ணமி. காலையிலேயே, அவர் படிவம் எழுதுகிற பஸ் ஸ்டாண்ட் பூத்தில் போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அவரே வந்தார். அறுபது வயது இருக்கும். ஒல்லியான மனிதர், கையில் பிளாஸ்டிக் கவரில் போட்டோ. பன்னிரண்டாவது படிவத்தை எழுதி முடித்தார். இத்தனை தடவை எழுதச் சங்கடமாக இல்லையா என்று கேட்கக்கூடாதுதான், கேட்டுவிட்டேன்.

"எழுதறது ஒன்னும் கஷ்டமில்லம்மா," என்றார். "எழுதாம ஊருக்குப் போனா தான் அன்னிக்குச் சோறு இறங்காது."

அந்த இருநூற்றுப் பதினான்கையும் நான் ஒன்றுவிடாமல் பார்க்கப் போகிறேன்.

அக்கா

*

திருவண்ணாமலை
15 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

கிடைத்துவிட்டாள்.

தொண்ணூற்று மூன்றாவது ஃபைல், வீடியோ. ஊதாப் புடவை, நெற்றியில் சின்னத் தழும்பு, சின்னசாமி ஐயாவின் போட்டோவில் இருக்கும் அதே முகம். கையை மலை பக்கம் காட்டுகிறாள், பிறகு தன் நெஞ்சைத் தொடுகிறாள், திரும்பத் திரும்ப. பின்னால் ஒலிபெருக்கியில் 'சித்ரா பௌர்ணமிக்கு வந்திருக்கும் பக்தர்கள்' என்று கேட்கிறது. ஆகவே நாளும் உறுதி. போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஐந்து தடவை பார்த்தேன். செருப்புப் போடாமல் மாடியில் இருந்து இறங்கி ஓடினேன். ஜானி பாஷா அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையை அப்படியே விட்டு என் பின்னால் மாடிக்கு வந்தார்.

ஆனால் வீடியோவோடு நின்றுவிட்டது. யாரும் தேடி வராதவர்களை ஆதரவற்றோர் இல்லங்களின் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவளை எந்த இல்லத்துக்கு அனுப்பினார்கள் என்று ஒரு குறிப்பும் இல்லை. அன்றைக்கு வேன் கொடுத்த சீட்டும் இல்லை.

வீடியோ எடுக்கிறவரின் குரல் அதில் இருக்கிறது. "பயப்படாதீங்க, இங்க உக்காருங்க, டீ கொண்டாறேன்." அவ்வளவுதான். அண்ணனுக்குப் போட்டுக் காட்டும்போது அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

2022 சித்ரா பௌர்ணமிக்கு நீ எந்த பூத்தில் இருந்தாய்? அங்கிருந்து ஆட்களை எங்கே அனுப்பினார்கள் என்று ஞாபகம் இருந்தால் எழுது.

எழிலரசி

*

திருவண்ணாமலை
27 செப்டம்பர் 2025

வல்லரசுக்கு,

அம்மா நலம். நீ நலமா?

பன்னிரண்டு நாளாகிவிட்டது. கம்பெனி நம்பருக்கு அடிக்கலாம் என்று நினைத்தேன். அம்மா பயந்துவிடுவாள் என்று அடிக்கவில்லை. இதுவரை முப்பத்தோரு இல்லத்துக்குப் போன் செய்துவிட்டேன். பலர் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். யாரிடமும் இல்லை. அக்டோபர் ஆறு பௌர்ணமி. அவர் மறுபடி வருவார். உறுதியாகத் தெரியாமல் அவருக்கு ஆசை காட்ட எனக்குத் துணிவில்லை.

நான் காரணம் கேட்கவில்லை. வேன் எந்தப் பக்கம் போனது? அதை மட்டும் எழுது.

அக்கா

*

கேப் டவுனுக்கு அருகே
29 செப்டம்பர் 2025

அக்கா,

உன் எல்லா மெயிலும் வந்தன. திருக்கோவிலூர் தாண்டி, விழுப்புரம் போகும் வழியில் ஒரு கிறிஸ்தவ இல்லம். சிஸ்டர்கள் நடத்துவது. வெள்ளை வேன், பக்கவாட்டில் பச்சை எழுத்தில் 'நல்வரவு இல்லம்' என்று இருந்தது. முதலில் அங்கே போன் செய். மிச்சத்தைப் பிறகு படி.

அந்தக் குரல் என்னுடையதுதான். உனக்குத் தெரிந்துவிட்டது என்று உன் மெயிலிலேயே புரிந்தது.

பேட்டரி மாற்றச் சொல்லி ஜானி பாஷா அண்ணன் சொன்னதும் என்னிடம்தான். இன்னும் இரண்டு நாளில் சென்னையில் கப்பல் படிப்பில் சேர வேண்டும், மனசெல்லாம் அங்கே இருந்தது. தேதி தப்பாக இருந்தால் என்ன, போட்டோ வந்தால் சரி என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு இட்லியும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். காலையில் வேன் வந்தது, ஏற்றிவிட்டேன். சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன்.

வேன் போய் ஒரு மணி நேரம் இருக்கும். அவர் வந்தார். மகள் பெயர், வயது சொன்னார். நான் லேப்டாப்பில் 2022 என்று அடித்துத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. இரவெல்லாம் நானே பதிந்த ஆட்களில் ஒருவர்கூட ஏன் வரவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் போட்டோவை நீட்டினார். நான் திரையையே பார்த்துக்கொண்டு, "இங்க அப்படி யாரும் வரலைங்க, பஸ் ஸ்டாண்ட் பூத்துல கேளுங்க" என்று சொன்னேன். தலையைத் தூக்கி அந்தப் போட்டோவை நான் பார்க்கவில்லை, அக்கா. பார்த்திருந்தால் போதும்.

அன்று சாயங்காலம் சென்னை பஸ்ஸில், செஞ்சி தாண்டும்போது, அவர் தேடியது அந்தப் பெண்ணைத்தான் என்று உறைத்தது. பூத் நம்பருக்கு இரண்டு தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. இல்லத்தில் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு படிப்பு, பிறகு கப்பல். ஒவ்வொரு மாதமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. நீ இந்த வேலையில் சேர்ந்தேன் என்று எழுதியபோது பயந்தேன். ஆனாலும் எங்கோ ஒரு மூலையில், அக்கா கண்டுபிடித்துவிடுவாள் என்றும் இருந்தது.

போன் செய்துவிட்டு எழுது. திட்டினாலும் சரி.

வல்லரசு

*

திருவண்ணாமலை
6 அக்டோபர் 2025

தம்பிக்கு,

வேதா வீட்டுக்குப் போய்விட்டாள்.

உன் மெயில் வந்த அன்றே போன் செய்தேன். எடுத்த சிஸ்டர், அடையாளம் சொல்லி முடிக்கும் முன்னே "எங்க மலர்விழியா?" என்றார். பெயர் தெரியாததால் அவர்களே வைத்த பெயர். மலையை வரைந்து வரைந்து காட்டியிருக்கிறாள். அவர்களும் சும்மா இருக்கவில்லை. வழித்துணைக்கே இரண்டு தடவை கடிதம் போட்டிருக்கிறார்கள். நம் ஆபீசில் தேடிப் பார்த்துவிட்டு, 2022 ஏப்ரலில் அப்படி யாரும் பதிவாகவில்லை என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள். அப்பா தேடினாலும் இல்லை, மகள் பக்கம் இருந்து தேடினாலும் இல்லை.

சனிக்கிழமை சின்னசாமி ஐயாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் காரில் போனோம். இல்லத்து வாசலில் இறங்கியதும் ஐயா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தையல் அறையில் இருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். ஓடி வருவாள், கட்டிக்கொள்வாள் என்று நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். அவள் வந்து அவருக்கு நேராக நின்று, இரண்டு கையாலும் வேக வேகமாகப் பேச ஆரம்பித்தாள். மூன்று வருஷத்தில் சிஸ்டர்கள் அவளுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவருக்கோ ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்லுது, என்ன சொல்லுது என்று எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார்.

சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "ஏன் இவ்ளோ லேட்டுன்னு கேக்கறா."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையில் இருந்த துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். பிறகு ஒரு பேப்பரை எடுத்து அதில் ஏதோ எழுதிக் காட்டினாள். மலர்விழி. அவர் தலையை ஆட்டி, "வேதா" என்றார். அவள் அவர் உதட்டையே பார்த்தாள். சிஸ்டர் எழுத்தைக் காட்டிக்கொடுக்க, முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரை எழுதினாள். பிறகு அந்தப் பேப்பரை எங்கள் எல்லாரிடமும் கொண்டுவந்து காட்டினாள், என்னிடம் இரண்டு தடவை.

வருகிற வழியில் காரில் ஒரே சிரிப்பு. ஜானி பாஷா அண்ணன் தப்பான ரோட்டில் திரும்பி அரூர் வரை போய்விட்டார். யாருக்கும் கோபம் வரவில்லை.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. பிறகு ஒருநாள் திட்டுகிறேன்.

அக்கா

*

நடுக்கடல்
14 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் மெயிலை டெக்கில் போய் நின்று படித்தேன். அவள் கேட்டது சரிதான்.

நவம்பர் கடைசியில் விசாகப்பட்டினத்தில் இறங்குகிறேன். சின்னசாமி ஐயாவுக்கு என்னைப் பற்றித் தெரியுமா?

வல்லரசு

*

திருவண்ணாமலை
8 நவம்பர் 2025

அன்புத் தம்பி,

அம்மா நலம், நீ வருகிற செய்தி கேட்டு வலி போன இடம் தெரியவில்லை. வாசலுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி என்னை விரட்டுகிறாள்.

ஐயாவுக்குத் தெரியாது. ஜானி பாஷா அண்ணனுக்கு மட்டும் சொன்னேன். பேட்டரியை நானே மாத்திட்டு லேப்டாப்பைக் குடுத்திருக்கணும் என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். ஐயாவிடம் நான் சொல்ல மாட்டேன். அது உன் வாயால் போக வேண்டியது. ஊத்தங்கரையில் இறங்கி, கிழக்கே மூன்று கிலோமீட்டர்.

அந்த இருநூற்றுப் பதினான்கில் இன்னும் நான்கு பேரை வீடு சேர்த்துவிட்டோம். மிச்சம் எல்லாரும் அப்போதே சேர்ந்தவர்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் சரியான தேதியைக் கேட்டலாக்கில் நானே பதிந்தேன். எந்தப் பேட்டர்னிலும் சேராத ஃபைலுக்கு இனி தனியாக ஒரு தொகுப்பு. தினமும் காலையில் முதல் வேலை, அதைத் திறந்து பார்ப்பது. ஐப்பசிப் பௌர்ணமிக்குப் பன்னிரண்டு பூத்திலும் போனில் ஓட்டிப் பார்த்தோம். வாயு லிங்கம் பக்கம் கிடைத்த ஒரு கர்நாடகத்து அம்மாவை பஸ் ஸ்டாண்டில் தேடி வந்த அவர் புருஷனோடு பதினோரு நிமிஷத்தில் சேர்த்தோம். அவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே போனார்கள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

ஜாக்கிரதையாக இறங்கி வா.
எழிலரசி

*

ஊத்தங்கரை
30 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இனி போனிலேயே பேசலாம்தான். ஆனால் இதை எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

நேற்று காலை போனேன். ஐயா கேழ்வரகுக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். உன் தம்பி என்றதும் முகம் மலர்ந்து, வரப்புக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையோடு எல்லாவற்றையும் சொன்னேன். நடுவிலேயே கையை விட்டுவிட்டார். பேட்டரி, வேன், சீட்டு, நான் தலையைத் தூக்காதது, எதையும் விடவில்லை. கேட்டு முடித்துவிட்டு மறுபடி குனிந்து கதிர் அறுக்க ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வெயில் ஏறிவிட்டது.

அப்புறம் நிமிராமலே சொன்னார்: "மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன் தம்பி. எனக்கு அவ்ளோ பெரிய மனசு இல்ல."

சரிங்க என்றேன்.

அப்போது வேதா தூக்குச் சட்டியில் கூழ் கொண்டுவந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் தோளைத் தட்டி, கையால் வேகமாக ஏதோ சொன்னாள். சிஸ்டர் மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்து ஐயாவுக்கும் சைகை சொல்லிக்கொடுக்கிறாராம். அவர் தடுமாறி, திரும்பக் காட்டச் சொல்லி, கடைசியில் புரிந்துகொண்டார். அன்றைக்குப் பயந்து உட்கார்ந்திருந்தபோது முதலில் சாப்பாடு கொடுத்தவன் இவன்தான் என்று சொல்கிறாள்.

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் நீதானா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேதா கூழை ஊற்றி என் கையில் கொடுத்தாள். ஐயா வெங்காயத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.

இரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள். இன்று காலை கிளம்பப் பார்த்தபோது, தீபத்துக்கு அடி அண்ணாமலை பூத்தில்தான் நிற்கப் போகிறேன் என்று சொன்னேன். இப்போது போனிலேயே எல்லா பூத்தும் தெரியும், அக்கா செய்தது என்று உன்னைப் பற்றிப் பெருமையடித்தேன். ஐயா பல் குச்சியைத் துப்பிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"நானும் வந்து உக்கார்றேன். கம்ப்யூட்டர நீ பாரு. வர்ற ஜனங்க மூஞ்சிய நான் பாக்கறேன்."

வேதாவும் வருகிறாள். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் மூன்று பேரும் வந்து இறங்குவோம். அம்மாவிடம் சொல்லிவிடு.

உன் தம்பி
வல்லரசு